சைனாடவுன் இளைஞரும் ரோமாபுரிப் பதக்கமும்

சிங்கப்பூரில் சைனாடவுன் எனப்படும் வட்டாரத்திற்கு மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். குழாய் நீர் வருவதற்கு முன்னர், மாட்டு வண்டிகளில் அங்கு நீர் கொண்டுவரப்பட்டமையால் இப்பெயர் ஏற்பட்டது. சீனரும் தம் மொழியில் அதனை மாட்டு வண்டித் தண்ணீர் என்றே வழங்குவர். தமிழருக்கும் இவ்விடம் அயலன்று. 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் ஆலயம் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் நிற்கிறது. அவ்வாலயத்தைக் கொண்டே அதன் இருபுறத்துத் தெருக்களும் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் எனப் பெயர் பெற்றன.

இந்த வட்டாரத்தில் குடியேறிய ஓர் ஏழைச் சீனக் குடும்பத்தின் பிள்ளை, உலக விளையாட்டு வரலாற்றில் தம் பெயரைப் பொறித்தார். அவர் திரு டான் ஹௌ லியாங். சிங்கப்பூருக்கு முதன்முதலில் ஒலிம்பிக் பதக்கம் தேடித் தந்தவர் அவரே. அவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்து சென்றால், இன்று நாம் தொன்றுதொட்டு வந்தவை என்று எண்ணிக்கொண்டிருக்கும் விளையாட்டு மரபுகள் பலவும் எவ்வளவு அண்மையில், எத்தகைய தற்செயலால் தோன்றின என்பதும் விளங்கும். அதனாலேயே அவருடைய கதையையும் அம்மரபுகளின் கதையையும் இங்கே ஒருசேரக் கூறுகிறோம்.

டான் 1933ஆம் ஆண்டு மே மாதம் சீனாவில் சுவாத்தோவ் நகரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவர். நான்கு வயதில் குடும்பத்துடன் சிங்கப்பூருக்கு வந்தார். அவருக்குப் பதினான்கு வயதாகும்போது தந்தை காலமானார். வறுமையின் காரணமாகப் படிப்பும் இடையிலேயே நின்றது. தோட்டப்புறங்களில் இத்தகைய வரலாறு புதிதன்று. தந்தையை இழந்த மூத்த பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா

அந்நாளில் சிங்கப்பூர் மக்களுக்குப் பொழுதுபோக்கு இடமாக விளங்கியவை 'வோர்ல்ட்' என்று முடியும் பெயர்களைக் கொண்ட கேளிக்கைப் பூங்காக்கள். கேலாங் பகுதியில் இருந்தது ஹேப்பி வோர்ல்ட். பிற்காலத்தில் அது கே வோர்ல்ட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று அது இல்லை. நாடகம், நடனம், குத்துச்சண்டை, மல்யுத்தம், தின்பண்டக் கடைகள் யாவும் அங்கே ஒரே மதிலுக்குள் இருந்தன. அங்கு நடந்த ஒரு பளுதூக்கும் போட்டியைத் தற்செயலாகக் கண்ட இளைஞர் டான், அக்கலையின்மீது தீராத ஆர்வம் கொண்டார். ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் 1953ஆம் ஆண்டிலேயே தம் எடைப் பிரிவில் இளையோர், பொதுப் பிரிவு ஆகிய இரண்டிலும் சிங்கப்பூரின் வெற்றியாளரானார்.

இதே ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் 1952ஆம் ஆண்டு மற்றுமொரு பெரிய நிகழ்ச்சி நடைபெற்றது. அது தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி. சர் ஜார்ஜ் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் வழங்கிய அக்கிண்ணத்திற்கான ஆட்டங்களை உலகப் போர் தாமதப்படுத்தியது. 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த முதலாவது இறுதியாட்டத்தில் மலாயா, டென்மார்க்கை 8க்கு 1 என்ற கணக்கில் வென்றது. அப்பொழுது மலாயா சுதந்திர நாடு கூட அன்று என்பதை நினைவிற்கொள்க. சிங்கப்பூரைச் சேர்ந்த வோங் பெங் சூனும் அக்குழுவில் இருந்தார்.

அக்காலத்து விதி விந்தையானது. கிண்ணத்தை வைத்திருக்கும் நாடு, தகுதிச் சுற்று எதிலும் ஆட வேண்டியதில்லை. ஏனைய நாடுகள் தமக்குள் மோதி, எஞ்சி நிற்கும் ஒரே நாடு, கிண்ணம் உள்ள நாட்டைத் தேடிச் சென்று அறைகூவல் விடுக்க வேண்டும். அரண்மனையில் அமர்ந்திருக்கும் மன்னனை நோக்கி மாற்றரசர் படையெடுத்து வருவது போன்றது இது. அதனால்தான் உலக இறுதியாட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் பக்கமே வந்தன. 1952இல் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் அமெரிக்காவை 7க்கு 2 என்றும், 1955இல் சிங்கப்பூர்ப் பூப்பந்து மண்டபத்தில் டென்மார்க்கை மீண்டும் 8க்கு 1 என்றும் மலாயா வென்றது. 1958இல் அதே மண்டபத்தில் இந்தோனேசியா 6க்கு 3 என்ற கணக்கில் கிண்ணத்தைக் கைப்பற்றிக்கொண்டது. சொந்த மண்ணில் காத்திருந்து ஆடும் இச்சலுகை நியாயமன்று என்ற கருத்து வலுத்து, பின்னர் அவ்விதி கைவிடப்பட்டது. நமக்குப் பயன்பட்ட விதிதான்; எனினும் அது நீங்கியது சரியே.

மெல்பர்னில் ஒரு கடிதம்

1956ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் டான் முதன்முறையாகக் கலந்துகொண்டு, ஒன்பதாம் இடம் பெற்றார். தெற்கு அரைக்கோளத்தில் நடைபெற்ற முதல் ஒலிம்பிக் அதுவே. வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடைச் சட்டம் இடந்தராமையால், குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஐந்து மாதங்களுக்கு முன்பே சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடத்தி முடிக்கப்பட்டன. ஒரே ஒலிம்பிக், இரு கண்டங்கள்!

அவ்வாண்டு உலகம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. சுவெஸ் கால்வாய்ப் போரை எதிர்த்து எகிப்து, ஈராக், லெபனான் ஆகிய நாடுகள் வரவில்லை. ஹங்கேரியில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகியவையும் விலகி நின்றன. ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் நடந்த நீர்ப்பந்தாட்டத்தில் விளையாட்டு வீரர் ஒருவர் இரத்தம் வழிய நீரிலிருந்து வெளியே வந்தார்.

இந்நிலையில் போட்டியின் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜான் இயன் விங் என்னும் பதினேழு வயது இளைஞர். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த சீனக் குடும்பத்தில் பிறந்தவர். தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். அதுவரை நிறைவு விழாவிலும் அணிவகுப்பு நாடு நாடாகவே பிரிந்து நடப்பது வழக்கம். அவ்வாறன்றி, வீரர் அனைவரும் நாட்டு வேறுபாடின்றிக் கலந்து, ஒரே இனமாக நடந்து வரலாமே என்று அவ்விளைஞர் எழுதியிருந்தார். விழாவுக்குச் சில நாள்களே இருந்தன. ஆயினும் அதிகாரிகள் அக்கருத்தை ஏற்றனர். அன்று தொடங்கிய அந்த வழக்கமே இன்றளவும் ஒலிம்பிக் நிறைவு விழாக்களில் நிலைத்திருக்கிறது. கடிதம் எழுதியவர் யார் என்பதை மக்கள் அறிந்துகொள்ள ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. தம் பெயரை விளம்பரப்படுத்த அவர் விரும்பவில்லை.

தொழில் பழகும் பையன் ஒருவன் எழுதிய கடிதத்தை உயர் அதிகாரிகள் குப்பைக் கூடையில் இடாமல் படித்துப் பார்த்தார்களே, அதுவும் பாராட்டுக்குரியதே.

ஒலிம்பிக் தொடர்பான வேறு சில வழக்கங்களும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழைமையானவை அல்ல. ஐந்து வளையச் சின்னத்தை 1913இல் வரைந்தவர் நவீன ஒலிம்பிக்கின் தந்தையான கூபர்டென். அக்கொடி 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரில் முதன்முதலாகப் பறந்தது. போட்டி நடக்கும் நாள் முழுவதும் விளையாட்டரங்கில் தீ எரிய வைப்பது 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. கிரேக்க நாட்டில் சூரிய ஒளியால் ஏற்றிய தீபத்தை ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவரும் சடங்கு 1936ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனியில் பெர்லின் போட்டிக்காக ஏற்படுத்தப்பட்டது. பண்டைக் கிரேக்கர் இவ்வாறு தம் ஒலிம்பிக்குக்குத் தீபம் சுமந்து ஓடியதில்லை.

கார்டிஃப், தோக்கியோ, பேங்காக்

1958ஆம் ஆண்டு டானின் பொற்காலம் தொடங்கியது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அவர் தங்கம் வென்றார். தரையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தலைக்கு மேலும் இரு கட்டமாகத் தூக்கும் முறையில் 347 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 157 கிலோ தூக்கி, தம் எடைப் பிரிவில் உலகச் சாதனையும் படைத்தார். அப்பிரிவில் உள்ளவர்கள் 67.5 கிலோவுக்கு மேல் எடை இருத்தல் கூடாது. ஐம்பது கிலோ அரிசி மூட்டை மூன்றையும், அதற்குமேல் ஏழு கிலோவையும் ஒருசேரத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். மூட்டை சுமப்போருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

பளு தூக்குவதில் நம் வட்டாரத்தார் முன்னரே பெயர் பெற்றிருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1950இல் ஆக்லாந்து நகரில் நடந்த இதே போட்டியில் மலாயா பெற்ற இரு தங்கங்களும் பளுதூக்கும் பிரிவில் வந்தவையே. பெரிய மைதானமோ விலையுயர்ந்த கருவிகளோ இதற்கு வேண்டியதில்லை. இரும்பும் உழைப்பும் இருந்தால் போதும். தமிழகத்துக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிந்து காட்டும் இளைஞர்களை நம் பாட்டனார்கள் கண்டிருக்கிறார்கள்.

கார்டிஃப் போட்டியிலும் ஒரு மரபு பிறந்தது. அரசியாரின் செய்தியைத் தாங்கிய ஒரு கோலை ஓட்டக்காரர்கள் பக்கிங்காம் அரண்மனையிலிருந்து கைமாற்றிக் கொண்டுவந்து, தொடக்க விழாவில் அச்செய்தியை வாசிக்கச் செய்யும் வழக்கம் அங்கேதான் ஆரம்பமாயிற்று. வெற்றியாளர்கள் மூவரும் உயரம் வேறுபட்ட மூன்று படிகளில் ஏறி நிற்கும் மேடையும் இப்போட்டியிலிருந்து வந்ததே. 1930ஆம் ஆண்டில் கனடாவின் ஹாமில்டன் நகரில் முதலில் அமைக்கப்பட்ட அம்மேடையை 1932இல் ஒலிம்பிக்கும் எடுத்துக்கொண்டது. இப்போட்டி ஆசியக் கண்டத்துக்கு முதன்முறையாக வந்தது 1998இல், கோலாலம்பூருக்கு.

அதே 1958ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் டான் தங்கம் பெற்றார். அங்கு கூடியிருந்த தென்கிழக்காசியப் பிரதிநிதிகளிடையே தாய்லாந்தினர் ஒரு யோசனையை முன்வைத்தனர். ஜப்பான் போன்ற பெரிய நாடுகளுடன் மோதி வெல்ல இயலாத சிறிய நாடுகள், தமக்குள் ஒரு போட்டியை நடத்திக்கொண்டால் வீரர்கள் வளர வழி பிறக்கும் என்பதே அவ்வெண்ணம். அதன்படி 1959 டிசம்பரில் பேங்காக்கில் முதலாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. டான் அங்கும் தங்கம் வென்றார். இதுவே 1977 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, அதாவது சீ போட்டி எனப் பெயர் பெற்றது. சிங்கப்பூர் 1973, 1983, 1993, 2015 ஆகிய ஆண்டுகளில் அதனை ஏற்று நடத்தியுள்ளது.

1965இல் இப்போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது, பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தைச் சேர்ப்பதென முடிவாயிற்று. ஆட்டம் எல்லார்க்கும் தெரியும், பெயரில்தான் சிக்கல். மலாய்க்காரர் ஒரு பெயர் கூறினர். தாய்லாந்தினர் வேறொன்று கூறினர். முடிவில் உதைத்தல் என்று பொருள்படும் 'செப்பாக்' என்னும் மலாய்ச் சொல்லையும், பந்தைக் குறிக்கும் 'தக்ராவ்' என்னும் தாய் மொழிச் சொல்லையும் இணைத்துச் 'செப்பாக் தக்ராவ்' என்று பெயரிட்டனர். இன்று தோட்டத்துத் திடல்களில் மாலை நேரத்தில் ஒலிக்கும் அச்சொல் இரு நாட்டு உடன்படிக்கையாகும்.

ஒரே நிறை, இரு பதக்கம்

இனி ரோமாபுரிக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. பிறைநிலவும் ஐந்து விண்மீன்களும் கொண்ட அதன் கொடி முந்தைய டிசம்பரில்தான் ஏற்கப்பட்டிருந்தது.

அந்நாளில் பளுதூக்குவதில் மூன்று முறைகள் இருந்தன. தோளளவில் நிறுத்திய பளுவைக் கால்களின் துணையின்றிக் கைவலிமையால் மட்டுமே மேலே தள்ளுவது ஒன்று. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது மற்றொன்று. இரு கட்டமாகத் தூக்குவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றிலும் தூக்கிய மிகுதியான நிறைகளைக் கூட்டி வருவதே ஒருவரின் மொத்தக் கணக்கு. (இவற்றுள் முதல் முறையில், உடலைப் பின்னே வளைத்து ஏமாற்றுவோரைக் கண்டுபிடிப்பது நடுவர்களுக்கு அரிதாயிற்று. ஆதலால் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பின் அது நீக்கப்பட்டது.)

போட்டியின்போது டானின் கால்களில் கடும் வலி கண்டது. விலகிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். அவர் இணங்கவில்லை, தொடர்ந்து தூக்கினார். சோவியத் வீரர் விக்டர் புஷுயெவ் 397.5 கிலோ தூக்கி உலகச் சாதனையுடன் தங்கத்தைப் பெற்றார். அவருக்கு அடுத்த நிலையில் டானின் மொத்தம் 380 கிலோ. ஈராக் நாட்டின் அப்துல் வாஹித் அஜீஸ் என்பவரின் மொத்தமும் அதே 380 கிலோ!

இருவரும் ஒரே நிறையைத் தூக்கியிருக்க, வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு? அன்றைய விதி இதற்கு நேரான விடை வைத்திருந்தது. உடல் எடை குறைந்தவரே மேலானவர். போட்டிக்கு முன் எடை பார்த்தபோது டானின் உடல் அஜீஸின் உடலைவிட இலேசாக இருந்தது. ஆகவே வெள்ளி டானுக்குச் சென்றது. எடை மேடையில் முள் சற்று இடம் மாறி நின்றிருந்தால் பதக்கமும் இடம் மாறியிருக்கும். பால் நிறுக்கும் இடத்தில் நாள்தோறும் தராசின் முள்ளைக் கவனித்து நிற்பவர்களுக்கு, அதன் ஓர் அசைவில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது தெரியாததன்று.

இத்தகைய சமநிலை அக்காலத்தில் அடிக்கடி நேர்ந்தது. காரணம் எளிது. மொத்தக் கணக்கு 2.5 கிலோ படிகளாகவே ஏறியது. படி பெரிதாக இருந்தால் ஒரே படியில் பலர் நிற்க நேரும் அல்லவா?

அஜீஸின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய நாடு 1956இல் மெல்பர்னுக்கே வரவில்லை என்று முன்னர்க் கண்டோம். ரோமில் அவர் பெற்ற வெண்கலம், 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் போட்டி வரையில் ஈராக் பெற்றுள்ள ஒரே ஒலிம்பிக் பதக்கமாகும். டானுக்கு நிகராகத் தூக்கியவர் அவர். ஒரு வகையில் அந்த மேடையில் இரு நாடுகளின் முதற்பதக்கங்கள் அருகருகே நின்றன.

உடல் எடை குறைந்தவருக்கு முதன்மை தருவது நியாயந்தானா? இலேசான உடலைக் கொண்டு அதே நிறையைத் தூக்குவது பெரிய ஆற்றல் என்பது ஒரு வாதம். ஒரே பிரிவில் போட்டியிட அனுமதித்தபின் உடல் எடையை மீண்டும் கணக்கில் கொள்வானேன் என்பது எதிர்வாதம். இரண்டாவது வாதமே நெடுங்காலத்துக்குப் பின் வென்றது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அனைத்துலகப் பளுதூக்கும் சங்கம் விதியை மாற்றிக்கொண்டது. இப்பொழுது இருவரின் மொத்தம் சமமாயின், அந்நிறையை மேடையில் முதலில் எட்டியவரே மேலானவர். ரோமில் இவ்விதி இருந்திருந்தால் முடிவு வேறாக அமைந்திருக்கவும் கூடும்.

இச்சிக்கல் பளுதூக்கும் போட்டியுடன் கூடவே பிறந்ததாகும். 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் எடைப் பிரிவுகளே கிடையா. பெரியவர் சிறியவர் யாவரும் ஒரே களத்தில் இறங்கினர். இரு கைகளால் தூக்கும் போட்டியில் டென்மார்க்கின் விகோ ஜென்சனும், பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட்டும் 111.5 கிலோ தூக்கிச் சமமாக நின்றனர். நடுவராக இருந்த கிரேக்க இளவரசர் ஜார்ஜ், ஜென்சன் அழகாகத் தூக்கினார் என்று கூறி அவருக்கு வெற்றியை வழங்கினார். பிரிட்டிஷ் தரப்பினர் மறுத்துப் பேசினர். மீண்டும் வாய்ப்பு அளித்தும் எலியட்டால் மிஞ்ச இயலவில்லை. பின்னர் ஒரு கையால் தூக்கும் போட்டியில் எலியட் 71 கிலோ தூக்கி வென்றார். ஆக, முதலில் அழகு பார்த்தனர்; அதன்பின் உடல் எடை பார்த்தனர்; இப்பொழுது நேரம் பார்க்கின்றனர்.

ஏதென்ஸில் வென்றவர்களுக்குத் தங்கம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவ மரக்கிளையும் கொடுத்தனர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்னும் வரிசை 1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில்தான் வந்தது. முழுத் தங்கத்தால் ஆன பதக்கம் 1912க்குப் பின் வழங்கப்படவில்லை. இன்றைய தங்கப் பதக்கத்தின் பெரும்பகுதி வெள்ளியே. மேலே குறைந்தது ஆறு கிராம் தங்கப் பூச்சு இருக்க வேண்டும் என்பது விதி. அடகுக் கடைக்காரர் கேட்டால் ஏமாற்றம் அடைவார்!

பதக்கத்தைக் கழுத்தில் அணிவிக்கும் காட்சி நம் கண்ணுக்கு மிகவும் பழகிவிட்டது. ஆனால் கோடைக்கால ஒலிம்பிக்கில் அது ரோமாபுரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுப்பதே வழக்கம். 1960இல் லாரல் இலை போன்ற வடிவில் கோத்த வெண்கலச் சங்கிலியில் பதக்கத்தைத் தொங்கவிட்டு மாலையாக அணிவித்தனர். ஆகவே சைனாடவுனில் வளர்ந்த இளைஞர், ஒலிம்பிக் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்ற முதல் அணியினருள் ஒருவராகிறார்.

அதே ரோமாபுரியில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, வெறுங்காலுடன் மரதோன் ஓடித் தங்கம் வென்றார். அந்த ஓட்டத்தின் தூரமாகிய 26 மைல் 385 கெஜமும் ஒரு தற்செயலே. 1908ஆம் ஆண்டு லண்டனில் ஓட்டம் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்தின் எதிரே முடிந்தது. இடைப்பட்ட தூரம் அவ்வளவாயிற்று. 1921இல் அதையே நிலையான அளவாக ஏற்றுக்கொண்டனர்.

வென்றபின்

டான் 1962இல் பெர்த் காமன்வெல்த் போட்டியில் ஒரு படி உயர்ந்த எடைப் பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார். அவருடைய வெள்ளிப் பதக்கம் நாற்பத்தெட்டு ஆண்டுகள் சிங்கப்பூரின் ஒரே ஒலிம்பிக் பதக்கமாக இருந்தது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் மகளிர் மேசைப்பந்துக் குழு இரண்டாவது பதக்கத்தை, அதுவும் வெள்ளியை, வென்றது. 2016இல் ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் முதல் தங்கத்தைக் கொணர்ந்தார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் வீரராக 1948இல் லண்டனில் உயரம் தாண்டிய லாய்ட் வால்பர்க், இந்த ஸ்கூலிங்குக்குத் தாத்தா முறை ஆவார்.

இத்தனை புகழுக்கிடையிலும் டானின் வாழ்க்கை எளிமையாகவே கழிந்தது. இக்காலத்து வெற்றியாளருக்குக் கிட்டும் பெரும் பரிசுப் பணம் அவர் காலத்தில் இல்லை. பளுதூக்குவோருக்குப் பயிற்சி அளித்தார். பின்னர் உடற்பயிற்சிக் கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். கூடத்திற்கு வந்து போனோர் பலருக்கும், துண்டும் கையுமாக நின்ற அப்பெரியவர் யார் என்பது தெரிந்திருக்குமா என்பது ஐயமே. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தம் தொண்ணூற்றோராம் வயதில் அவர் காலமானார்.

ரோமாபுரியில் மலாயாவின் சார்பில் ஓடியவர்களில் பதினாறே வயது நிரம்பிய தமிழ் மாணவர் ஒருவரும் இருந்தார். அவரே பிற்காலத்தில் 'பறக்கும் மருத்துவர்' என்று பெயர் பெற்ற எம். ஜெகதீசன். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கின்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஓர் அங்கமாக இருந்தது. ஆகையால் ஜெகதீசனும், சிங்கப்பூர்த் தமிழரான சி. குணாளனும் ஒரே சட்டை அணிந்து, மலேசியாவின் 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் ஒருவருக்கொருவர் துணையாக ஓடினர். 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1966 டிசம்பரில் பேங்காக் ஆசியப் போட்டியின் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அதே இருவரும் இரு கொடிகளின்கீழ் எதிரெதிராக நின்றனர்.

துப்பாக்கி வெடித்தது. இறுதிக் கோட்டை இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே கடந்தனர். கண்ணால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. நிழற்படத்தைப் பார்த்தே முடிவு செய்தனர். தங்கம் ஜெகதீசனுக்கு; வெள்ளி குணாளனுக்கு. ஆசியாவின் மிக விரைந்த மனிதர் யார் என்ற கேள்வி, அன்று இரு தமிழரிடையே ஒரு படச்சுருளில் தீர்ந்தது. ஜெகதீசன் அப்போட்டியில் 200 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். மகளிர் 400 மீட்டரில் மலேசியாவின் எம். ராஜாமணி தங்கம் பெற்றார். மலேசியா அவ்வாண்டு முதன்முறையாக வழங்கிய சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவருக்கே கிடைத்தன.

குணாளன் இளமையில் காற்பந்து ஆடியவர், ஓட்டப் பயிற்சிக்குத் தாமதமாகவே வந்தவர், ஆசிரியர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அச்சிங்கப்பூர்ச் சாதனை முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்றது. 2001இல் யூ. கே. ஷியாம் அதனை 10.37 வினாடியில் முறியடித்தார். வேறுபாடு, ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு.